அவளிடம் மட்டும் விண்ணப்பம் கேட்கவில்லை

என் ரவிக்கைத் தையல் வகுப்பை விற்றுத் தருகிறேன் என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அவ்வளவு கறாராக இருந்த ஒருத்தி எப்படி ஏமாந்தாள் என்று சொல்வதற்கு முன், அந்தக் கறார் எப்படிப்பட்டது என்பது தெரிய வேண்டும்.

வகுப்பு என்றால் நேரில் வந்து உட்காரும் வகுப்பு இல்லை. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் உலு திராமில் எங்கள் வரிசை வீட்டின் முன்னறையில், கைப்பேசியை ஒரு தாங்கியில் மாட்டி நானே எடுத்த காணொளிகள். அளவெடுப்பதில் தொடங்கி கொக்கி தைப்பதுவரை முப்பத்தாறு பாடங்கள். ஒருமுறை பணம் கட்டிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஆறாவது பாடத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பது கேட்கும். கைக்குழி வெட்டுகிற பாடம் அது. அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால் நாய்க்காக மறுபடியும் எடுக்க மனம் வரவில்லை.

முதல் வருடம் நானே தெரிந்தவர்களிடம் சொல்லி விற்றேன். பிறகுதான் அந்த வகுப்பை ஏற்றிவைத்திருக்கும் இணையத்தளத்தில் ஒரு வசதி இருப்பது தெரிந்தது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு லிங்க் கொடுக்கலாம். அந்த லிங்க் வழியாக யாராவது வாங்கினால் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். அஃபிலியேட் என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கத்தில் ஏஜெண்டு என்றால்தான் புரியும். விண்ணப்பித்தவரின் பெயருக்கு நேரே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ஏற்றுக்கொள்ள, மற்றொன்று மறுக்க.

ஆரம்பத்தில் வந்த எல்லோரையும் ஏற்றுக்கொண்டேன். நாலு பேர் விற்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஒரு மாதத்துக்குள் பெக்கான் நானாஸிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே அழைத்தார். 'ஏழே நாளில் தையல்காரி ஆகலாம்' என்று யாரோ ஒரு ஏஜெண்டு போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவர். எட்டாம் நாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு, முன்பக்கத்தைத் தப்பாக வெட்டிவிட்டார்.

"ஏழு நாள்னு போட்டிருந்தாங்களே கா" என்றார். ஜேபி டவுனுக்குப் போய் அதே நிறத்தில் துணி தேடி வாங்கி, நானே தைத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன. ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு ஃபாரம். முதல் ஐந்து பாடங்களை இலவசமாகத் திறந்துவிடுவேன். பார்த்து, தன் அளவுக்கு ஒரு ரவிக்கை தைத்து, வெளிப்பக்கமும் உள்பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். உள்பக்கத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பிறகு தொலைபேசியில் பேசுவேன். "என் வகுப்புல உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்பேன். எல்லாமே நல்லாருக்கு என்பவர்களைக் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். ஒரு முன்னாள் தையல்காரர், "பதினோராவது பாடத்துல தோள் சரிவு அரை இஞ்சுன்னு சொல்றீங்க. கூன் விழுந்தவங்களுக்கு அது ஒத்து வராதே" என்றார். அவரை அந்த நிமிடமே ஏற்றுக்கொண்டு, அந்தப் பாடத்தையும் மாற்றி எடுத்தேன். இன்னொருவர் மெலிவதற்கான மாவு, தண்ணீர் வடிகட்டி, வீட்டு மனை எல்லாம் விற்பவர். "ரவிக்கையப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதற்கு, "விக்கிறதுக்கு அதெல்லாம் தெரியணுமா மேடம்?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே மறுத்தேன்.

ஃபாரத்தின் கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது.'

இனி அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் சிங்கப்பூரில் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை செய்தோம். விடியுமுன் எங்கள் குடியிருப்புத் தாமான் முகப்பில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். எனக்கு முன்னால் அவள் ஏறியிருந்தால் ஜன்னலோர இடத்தில் பையை வைத்துப் பிடித்திருப்பாள். எல்லைப் பாலமான காஸ்வேயில் பஸ் நகராமல் நிற்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்போம், இல்லையென்றால் ஒருவர் தோளில் ஒருவர் தூங்குவோம். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனால் வாடி போடிதான்.

எனக்கு முதலில் உண்டானது ஒரு ஆண் குழந்தை. ஏழாம் மாதத்தில் அசைவு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனபோது என் கணவர் அடக்கத்துக்கான காகிதங்களுக்காகக் கீழே அலைந்துகொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவள்தான் இருந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பார்க்கிறீர்களா என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நர்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறுபடியும் கேட்டார். நான் திரும்பவே இல்லை. கடைசியில் அவள்தான் எழுந்து கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை அவளிடம் சொன்னேன்: "நான் பாக்கலங்கிறத யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் லா. நீ தூங்கு" என்றாள்.

கணவரிடமும் நான் சொல்லவில்லை. அவரும் பார்த்தாயா என்று கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். நான் வேலையை விட்டேன். ஒரு தீபாவளிக்கு ரவிக்கையைத் தையல்கடையில் கெடுத்துவிட்டார்கள் என்ற கோபத்தில்தான் தைக்கவே கற்றுக்கொண்டேன். அதற்கும் அந்தக் குழந்தைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மகளிடம் அண்ணன் ஒருவன் இருந்ததைச் சொல்லவில்லை. கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அவளுக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் தோழி வேலை செய்த பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருநாள் காலையில், நான் லைனிங் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அழைத்தாள்.

"ஏய், உன் கிளாஸ நான் வித்துக் கொடுக்கவா? எனக்கும் ஒரு லிங்க் கொடேன்."

"இதக் கேக்கணுமா நீ?"

"ஃபாரமெல்லாம் இருக்குன்னு சொன்னியே. தச்சுக் காட்டணுமாமே."

"அது வெளியாளுங்களுக்கு லா."

அவள் பேசி முடிப்பதற்குள் ஒரு கையால் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறு கையால் அவளுக்குக் கணக்கு ஒன்றைத் திறந்து ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிட்டேன். மாலையில் கணவர் கேட்டார்: "அவங்க ரவிக்கை தச்சுப் படம் அனுப்பினாங்களா?"

"இத்தன வருசப் பழக்கம். அவகிட்ட போயி உள்பக்கத்தப் படம் புடிச்சு அனுப்புன்னு கேக்கச் சொல்றீங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் நன்றாக விற்றாள். மற்ற எல்லா ஏஜெண்டுகளையும்விட நன்றாக. சனிக்கிழமை மதியங்களில் லைவ் போடுவாள். அந்த நேரத்தில் நான் என் மாணவிகளின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் இணைய வகுப்பில் இருப்பேன். பிறகும் அவள் லைவை எடுத்துப் பார்த்ததில்லை. மற்ற ஏஜெண்டுகள் போடுவதை எல்லாம் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பேன். தப்பாகச் சொன்னால் அழைத்துத் திருத்துவேன். அவளுடையதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பேசத் தெரிந்தவள், பஸ் முழுக்கச் சிரிக்க வைத்தவள், அதனால் விற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் லிங்க் வழியாக வந்தவர்கள் அனுப்பிய செய்திகளில் ஒரு வித்தியாசம் இருந்தது. 'நீங்க பெரிய மனசுக்காரி கா.' 'உங்களப் பாத்துதான் தைரியம் வந்துச்சு.' ஒருத்தர், 'உங்க வலிக்கு முன்னாடி எங்க கஷ்டமெல்லாம் ஒண்ணுமே இல்ல' என்று எழுதியிருந்தார். இரண்டாவது பாடத்தில் எனக்கு இடுப்பு வலி, அதனால் நின்றுகொண்டு வெட்டுகிறேன் என்று சொல்லியிருப்பேன். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, 'இப்ப பரவாயில்லமா, பெல்ட் போட்டிருக்கேன்' என்று பதில் போட்டேன். இதை இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

ஒரு நாள் மகளைப் பள்ளியிலிருந்து காரில் அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். வழக்கமாகக் காடியில் ஏறியதும் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பவள் அன்று பேசாமல் இருந்தாள். கடைவரிசைக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள்.

"மா, எனக்கு ஒரு அண்ணன் இருந்தானா?"

பச்சை விழுந்ததும் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"யாரு சொன்னா?"

"கிளாஸ்ல ஒரு பொண்ணோட அம்மா வீடியோல பாத்தாங்களாம். அவ எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. சாரி சாரின்னு எல்லாரும் வந்து கட்டிப் புடிக்கிறாங்க. எனக்கு என்னன்னே தெரியல."

அவள் அந்தக் காணொளியைக் கைப்பேசியில் வைத்திருந்தாள். பார்க்கலாமா வேண்டாமா என்று மதியம் முழுக்க யோசித்து, கழிவறையில் நின்று தனியாகப் பார்த்திருக்கிறாள். என்னிடம் நீட்டினாள்.

திரையில் என் தோழி. நான் தைத்துக் கொடுத்த கிளிப்பச்சை ரவிக்கையைப் போட்டிருந்தாள். கையில் ஒரு கைக்குட்டை.

"இவ என் கூடப் பொறக்காத தங்கச்சி. ஏழு மாசப் புள்ளைய எழந்தவ. அந்தப் புள்ளைய நெஞ்சோட அணைச்சு, நெத்தியில முத்தம் கொடுத்து, தன் கையாலயே நர்சுகிட்ட திருப்பிக் கொடுத்தா. நான் பக்கத்துல இருந்தேங்க. என் கண்ணால பாத்தேன். மறு வாரமே மெஷின்ல உக்காந்துட்டா. அந்தக் கண்ணீர்ல உருவானதுதான் இந்த வகுப்பு. லிங்க் கீழ இருக்கு."

குரல் எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடிப்பு என்று சொல்ல முடியாது. நிஜமாகவே அழுதாள்.

"நீங்க முத்தம் கொடுத்தீங்களா மா?" என்று மகள் கேட்டாள்.

"வீட்டுக்குப் போயி பேசுவோம்" என்றேன். வீட்டுக்குப் போயும் முழுசாகப் பேசவில்லை. அண்ணன் இருந்தது உண்மை, நானே சொல்லியிருக்க வேண்டும், தப்புதான் என்று மட்டும் சொன்னேன். முத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் அவரிடம் காட்டினேன். சமையலறையில் நின்றபடியே பார்த்தார். கோபப்படுவார், அவளை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கைப்பேசியை மேசையில் மெதுவாக வைத்தார்.

"நீ பாத்தியா?" என்றார். "இத்தன வருசமா நீ பாக்கலன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேட்டா நோகும்னு கேக்கல. நானும் துணியத் தொறந்து பாக்கல. அப்படியே சுத்தினது சுத்தினபடி கொண்டு போயிட்டேன். தைரியம் இல்ல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நல்ல வேள. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது முத்தம் கொடுத்தோமே."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அத்தனை வருடத்தில் நான் பார்த்திராத நிம்மதி. அதை அந்த நேரத்தில் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவள் சொன்ன பொய்யை அன்று நானும் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தாமானில், மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அலமாக், சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கோப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

"லைவ்ல என்னப் பத்தி என்ன சொன்ன?"

"ஓ, பாத்தியா? எத்தன பேர் அழுதாங்க தெரியுமா? கமெண்ட படிச்சியா?"

"என் மக பாத்தா. ஸ்கூல்ல பசங்க சொல்லித்தான் அவளுக்கே தெரியும்."

அவள் முகம் மாறியது. "அவளுக்கு நீ இன்னும் சொல்லலையா? எனக்கு எப்படித் தெரியும்?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்ன இல்ல?"

"நீ என்ன சொன்ன? பாக்கலங்கிறத யார்கிட்டயும் சொல்லாதன்ன. அத நான் சொல்லலையே. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. என் வீட்டுக்காரர்கிட்டகூட."

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவளின் குரலில் சொன்னாள்.

"முத்தம் கொடுத்தேன்னு சொன்னியே. அது பொய்தான?"

"பொய்தான். மொகத்தத் திருப்பிக்கிட்டான்னு சொன்னா யார் லா வாங்குவா? அப்படிச் சொன்னாத்தான் கேக்க நல்லாருந்துச்சு. உன்ன நல்லவளாத்தான காட்டினேன்?"

"அப்போ நான் கெட்டவளா?"

"நான் அப்படிச் சொல்லல." கோப்பிக் குவளையைத் தள்ளி வைத்தாள். இப்போது அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "அந்த ரூம்ல நானும் இருந்தேன். நான்தான் தூக்கினேன். என் கையிலதான் இருந்துச்சு. அதப் பத்தி ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டிருக்கியா? நீ பாட்டுக்கு மூடி வச்சிட்ட. நான் எங்க போயி சொல்றது? அது என் கதையும்தான். இத்தன மாசமா லைவ் போடுறேன். ஒண்ணாவது பாத்திருக்கியா நீ? ஆளுங்க வந்து சேந்தப்ப மட்டும் நல்லாருந்துச்சு இல்ல?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதும்போது ஒத்துக்கொள்கிறேன், அன்று ஒத்துக்கொள்ளவில்லை. "கேட்டிருந்தா எங்கிட்டதான் சொல்லியிருப்ப. இப்படி ஊருக்கு விக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாடிப்படி இறங்கும்போது அவள் மேலிருந்து என் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை.

கீழே காடியில் உட்கார்ந்துகொண்டு இணையத்தளத்தைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே நீக்கும் பொத்தான் இருந்தது. நிச்சயமாகவா என்று கேட்டது. அழுத்தினேன். அவளைச் சேர்க்க எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் ஆகவில்லை.

அந்தக் காணொளியை மூன்று நாள் கழித்து அவளே எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் பலர் அதைத் துண்டுதுண்டாக வெட்டிப் பல குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தெரியாத ஊர்களில் எனக்குத் தெரியாதவர்கள், நான் கொடுக்காத முத்தத்துக்காக அழுதுகொண்டிருந்தார்கள்.

அவளை நீக்கிய அன்றே, அவள் மூலமாகச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். நாலைந்து முறை எழுதி அழித்த பிறகு அது மூன்று வரியானது. அந்தக் காணொளியில் என்னைப் பற்றிச் சொன்னதில் சில விஷயங்கள் சரியில்லை. அதை நம்பிச் சேர்ந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பணம் திரும்ப வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன். எது சரி, எது தப்பு என்று எழுதவில்லை.

சிலர் பணத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். குழந்தை செத்ததாகச் சொல்லி விற்றீர்களே, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று ஒருத்தி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். குழந்தையே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடிதம் போன நாலாம் நாள் ஒரு அழைப்பு வந்தது. இளம் குரல்.

"அக்கா, நான் கோத்தா திங்கி பக்கத்துல செம்பனைத் தோட்டத்துலேர்ந்து பேசுறேன். பணமெல்லாம் வேணாம் கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கமா."

"அந்த வீடியோல நீங்க முத்தம் கொடுத்தீங்கன்னு சொன்னாங்களே. அது சரியா, தப்பா?"

"ஏன் கேக்குறீங்க?"

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்து போகிற சத்தம்.

"எனக்கும் ஒண்ணு போச்சு கா. போன வருசம். கொண்டு வந்து காட்டினாங்க. நான் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் உங்க வீடியோவப் பாத்தேன். அந்த அக்காவால முடிஞ்சிருக்கே, எனக்கு மட்டும் ஏன் முடியல, நான் என்ன பொம்பளன்னு... மூணு நாள் சாப்பாடு எறங்கல கா. உங்கள மாதிரி ஆகணும்னுதான் சேந்தேன்."

நான் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மகள் உள்ளறையில் இருந்தாள். கணவர் வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் காதிலும் விழும் என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"நானும் பாக்கலமா" என்றேன்.

"என்னக்கா?"

"நான் பாக்கல. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ரெண்டு தரம் கேட்டாங்க. ரெண்டு தரமும் பாக்கல. முத்தமெல்லாம் கொடுக்கல."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் அழத் தொடங்கினாள். அது துக்க அழுகை மாதிரி இல்லை. மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர் வெளிக்காற்றுக்கு வந்த மாதிரி இருந்தது. நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒன்பதாவது பாடத்தில் டார்ட் மடிப்புப் பிடிக்கும்போது தனக்கு நுனி கூம்பிக்கொண்டு நிற்கிறதே, என்ன செய்வது என்று கேட்டாள். தையலை நுனியில் முடிச்சுப் போடாமல் இழுத்து விடு என்று சொன்னேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர்க் குழாய், அதிலிருந்து தண்ணீர் அவர் காலடியில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் தலைய ஆட்டினது பொய்" என்றேன்.

"சரி" என்றார். வெளியே போய், காலையில்தான் கழுவிய காடியை மறுபடி கழுவ ஆரம்பித்தார். அவர் அந்த நிம்மதியை வைத்திருந்தது ஒரு வாரம்கூட இல்லை. என் தோழியை நான் எதற்காக மன்னித்தாலும், அந்த ஒரு வாரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு என் கையாலேயே பிடுங்க வைத்ததற்காக மன்னிக்க முடியும் என்று தோன்றவில்லை.

மகளையும் உட்கார வைத்துச் சொன்னேன். அவள் நான் பயந்த மாதிரி எதுவும் கேட்கவில்லை.

"பயமா இருந்துச்சா மா?"

"ஆமா."

"அப்ப ஆன்ட்டி மட்டும்தான் அண்ணனப் பாத்தாங்களா?"

"ஆமா. அவங்க மட்டும்தான்."

அதற்குப் பிறகு நான் ஏஜெண்டு சேர்க்கும் விதத்தில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. அதே ஃபாரம், அதே தையல், அதே தொலைபேசிப் பேச்சு. யாராக இருந்தாலும் முதல் மூன்று லைவை உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறேன், அவ்வளவுதான். என் நாத்தனார் கேட்டபோது அவரிடமும் ஃபாரத்தை நீட்டினேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். விற்பனை குறைந்துவிட்டது. அந்தத் தோட்டத்துப் பெண் இப்போது தோட்டத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறாள். ஏஜெண்டாக வருகிறாயா என்று நானே கேட்டேன். தனக்குப் பேச வராது என்று சொல்லிவிட்டாள்.

என் தோழி இப்போது வேறு யாருடைய கூந்தல் எண்ணெயையோ விற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நாலு காசு பார்த்ததும் நான் மாறிவிட்டேன் என்று பழைய பஸ் தோழிகளிடம் சொல்கிறாளாம். அவர்களில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருமுறை பேரங்காடியில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் பக்கம் எதிரே வந்தாள். இளைத்திருந்தாள். நான்தான் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போனேன். சாமான் பாதி வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வார்டில் நடந்தவற்றில் ஒன்றை இதுவரை எழுதவில்லை. நர்ஸ் குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன பிறகு, நான் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தேன். அவள் பின்னாலிருந்து குனிந்து, நான் கேட்காமலேயே என் காதில் சொன்னாள்: "அப்படியே உன் நெத்தி லா. தூங்குற மாதிரிதான் இருந்தான்."

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான். மகள் பிறந்து கையில் கொடுத்தபோது முதலில் அவள் நெற்றியைத்தான் பார்த்தேன். எத்தனையோ பேருந்துப் பயணங்களில், மெஷின் முன்னால் உட்கார்ந்த எத்தனையோ மதியங்களில், அந்த இரண்டு வாக்கியங்களை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதைச் சந்தேகப்பட்டதில்லை. இப்போது சந்தேகப்படுகிறேன். அவள் பார்த்ததைச் சொன்னாளா, கேட்க நன்றாயிருக்கும் என்று சொன்னாளா?

போன வாரம் மகள் சொன்னாள்: "ஆன்ட்டிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் மா, அண்ணன் எப்படி இருந்தான்னு."

கேட்டால் சொல்லுவாள். நன்றாகவே சொல்லுவாள். அதில் எதை மகளிடம் கொண்டுவந்து கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.